ஐப்பசி மழையில் கொடைக்கானல் ஏரிகள்: புதுச்சேரியிலிருந்து கிளம்பும் குழு நடைப் பேக்கேஜ் எப்படி?

தீபாவளி முடிந்த கையோடு புதுச்சேரி, கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பிக்கும் விளம்பரம் இது. வெள்ளி ராத்திரி கிளம்பி, சனி ஞாயிறு இரண்டு நாளும் கொடைக்கானலில் நடந்து, திங்கள் விடிவதற்குள் வீடு. மூன்று ஏரி, ஒரு காட்சிமுனை, ஒரு ராத்திரி தங்கல், ஐந்து வேளைச் சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 5,800 ரூபாய். நடத்துபவர் பெயர் இங்கே வேண்டாம். இதே அட்டவணையைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிப் பலர் விற்கிறார்கள். குறையும் நிறையும் எல்லோருக்கும் பொதுதான்.

மலையில் குறை இல்லை. வண்டியிலும் வழிகாட்டியிலும் பெரிய குறை இல்லை. கடிகாரத்தில்தான் குறை. விடிந்ததும் பார்க்க வேண்டியதை 11 மணிக்குக் காட்டுகிறார்கள், சாவகாசமாக உட்கார வேண்டிய ஏரிக்கு 40 நிமிஷம் கொடுக்கிறார்கள். இதைச் சரிசெய்ய ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக ஆகாது. அதனால்தான் கோபம் வருகிறது.

விளம்பரத்தில் 'இலையுதிர்கால நடை' என்று போட்டு, செக்கச்செவேல் என்று ஒரு மரம் இருக்கும். அது காஷ்மீரத்துச் சினார். பழனி மலைத்தொடரின் சோலைக்காடு வருஷம் முழுக்கப் பச்சை. அங்கே சிவப்பு தெரிந்தால் அது தளிர், உதிரப்போகும் இலை கிடையாது. ஐப்பசி கார்த்திகைக்குக் கூதிர்காலம் என்று அந்தக் காலத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள்: ஊதக்காற்று, தூறல், மஞ்சு என்கிற மலை மூடுபனி. அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே இல்லை. இன்னொரு விளம்பர வரி நீலக்குறிஞ்சி. அது 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. நடுவில் யாராவது ஊதாப் பூவைக் காட்டிக் குறிஞ்சி என்றால், குறிஞ்சியின் ஏதோ ஒரு பங்காளியைக் காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி, 17 இருக்கை டெம்போ டிராவலர். புதுச்சேரி புதிய பேருந்து நிலையம் அருகே இரவு 8.30. அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியாக முள்ளோடை தாண்டி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் 9.30-க்கு இன்னொரு கூட்டம் ஏறும். பிறகு நெல்லிக்குப்பம், பண்ருட்டி, மடப்பட்டில் தேசிய நெடுஞ்சாலை, உளுந்தூர்பேட்டை, திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு. மொத்தம் 400 கிலோமீட்டருக்குப் பக்கம். கடலூர்க்காரர்களுக்கு இது வசதி. புதுச்சேரியில் ஏறுபவர்கள் விழுப்புரம் வழியாக நேரே போயிருந்தால் கொஞ்ச நேரம் மிச்சமாகும், ஆனால் அதற்காகச் சண்டை போடும் அளவுக்கு ஒன்றுமில்லை.

இருக்கை விஷயத்தில் மட்டும் சண்டை போடலாம். கடைசி வரிசை சாய்வதில்லை. பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடும். எல்லோருடைய மூட்டையும் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து சேரும். முன்பணம் கட்டும்போதே இரண்டாம் அல்லது மூன்றாம் வரிசை கேட்டு வாங்குங்கள். இரண்டு அச்சுக்கும் நடுவே இருப்பதால் கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்டம் அங்கேதான் குறைவு. மலையேற்றத்தில் வாந்தி வரும் ஆள் என்றால் இது அத்தியாவசியம். வத்தலக்குண்டில் விடியற்காலையில் பரோட்டாவும் பால் டீயும் கிடைக்கும். அந்த ஆளுக்கு இரண்டுமே வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது. இரண்டு பிஸ்கட், ஒரு துண்டு இஞ்சி மிட்டாய் போதும். மாத்திரை போடுபவர்கள் மலை அடிவாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, திண்டுக்கல் தாண்டும் முன்பு போட வேண்டும். முதல் வளைவில் குமட்டியபிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

டிரைவர் ஒருவர்தான். இதுதான் இந்தச் சேவையின் மோசமான சிக்கனம். ராத்திரி முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டியவர், உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும் 4 மணிக்கு, மழை ஈரத்தில், மஞ்சு இறங்கிய மலைப்பாதையில் ஏறுகிறார். முன்பதிவு செய்யும்போதே இரண்டாவது டிரைவர் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், வத்தலக்குண்டில் ஒன்றரை மணி நேரம் வண்டியை ஓரம் கட்டி அவரைத் தூங்கவைத்து, வெளிச்சம் வந்தபிறகு ஏறச் சொல்லுங்கள். இறங்கும் பயணத்தில் கவனிக்க வேண்டியது கியர். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் கருகிய ரப்பர் மாதிரி ஒரு வாடை வரும். வந்தால் வண்டியை நிறுத்தி அரைமணி ஆறவிடச் சொல்ல யாருக்கும் கூச்சம் வேண்டியதில்லை.

காகித வேலைகளைச் சுத்தமாகச் செய்கிறார்கள், அதைச் சொல்ல வேண்டும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். வண்டி எண்ணும் ஆள் எண்ணிக்கையும் போட்டு இலவசமாக எடுப்பது. பி.ஒய். என்ற புதுச்சேரிப் பதிவு வண்டி என்பதால் தமிழ்நாட்டுக்குரிய பர்மிட்டும் வரியும் தனி. இரண்டும் கையில் தயாராக இருக்கின்றன. ஆனால் பயணிகள் தரப்பில் ஒரு விஷயம். புதுச்சேரி விலை மலிவு என்று பையில் பாட்டில் வைத்துக்கொண்டு ஏறும் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பையைத் திறந்தால், அந்த ஒரு குவார்ட்டருக்காக 16 பேரும் ரோட்டில் நிற்க வேண்டியதுதான். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் மலையில் தடை. பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஒன்றரை லிட்டர் எவர்சில்வர் பாட்டில் ஒன்று கொண்டுபோனால் இரண்டு நாளும் ஓடும்.

காலை 6 மணிவாக்கில் கொடைக்கானல். இங்கேதான் அட்டவணை சொதப்ப ஆரம்பிக்கிறது. லாட்ஜில் அறை பகல் 12 மணிக்குத்தான். அதுவரை குளித்துக் கிளம்ப 16 பேருக்கு இரண்டு அறை. சுடுதண்ணீர் கெய்சர் ஒரு தடவைக்கு இரண்டு வாளிதான் கொடுக்கும், பிறகு கால்மணி காத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: குழு வெளியே கால் வைக்கும்போது மணி 10. மலையில் மிகத் தெளிவான நாலு மணி நேரம் வாளிக்கும் வரிசைக்கும் போய்விட்டது.

இதற்கு வழி எளிது. பாதிப்பேர் குளிக்கட்டும், மீதிப்பேர் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வரட்டும். 1863-ல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி அணைகட்டி உண்டாக்கிய ஏரி அது. நட்சத்திரம் மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு கிடப்பதால் பார்வைக்குச் சின்னதாகத் தெரியும், சுற்றினால் 5 கிலோமீட்டர். சமதளம், தார்ரோடு, கட்டணம் கிடையாது. ஒரு மணி பத்து நிமிஷத்தில் முடியும். ராத்திரி முழுக்க மடங்கிக் கிடந்த காலுக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. கடல்மட்டத்திலிருந்து நேராக 2,100 மீட்டர் உயரத்துக்கு வந்த மூச்சுக்கும் இது பழக்கம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் ஊரைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. நம்பாதவர்கள் கடலூரில் வாங்கி வந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்துப் பாருங்கள்; தலையணை மாதிரி உப்பி, மூலை விரிந்து, கிள்ளினால் 'டப்' என்று வெடிக்கத் தயாராக இருக்கும். இந்த உயரத்தில் தலைவலி, மயக்கம் என்று பயப்பட வேண்டியதில்லை. முதல் ஏற்றத்தில் மட்டும் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை வரிசை: பூம்பாறை காட்சிமுனை, மன்னவனூர் ஏரி, கூக்கல் ஏரி. மூன்றும் மலையின் ஒரே பக்கத்தில் இருப்பதால் தேர்வு சரிதான். 10 மணிக்குக் கிளம்பினால் பூம்பாறை வளைவில் நிற்கும்போது 11 தாண்டியிருக்கும். வெயில் ஏறி, கீழே பள்ளத்தாக்குக் காற்று சூடாகி, ஈரத்தோடு சரிவில் மேலேறி, மேலே வந்ததும் குளிர்ந்து மஞ்சாக மாறும் நேரம் அது. 9 மணிக்குப் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களும் நடுவில் கொத்தாக ஊரும் தெரியும். 11 மணிக்கு வெள்ளைத்துணி. அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு நிமிஷம் திரை விலகும்.

பூம்பாறைப் பூண்டு வாங்குவதாக இருந்தால் திரும்பும்போது வாங்குங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பல் சிறியது, காரம் அதிகம், புகைபட்டுக் காய்ந்தது என்றால் மாதக்கணக்கில் தாங்கும். ஈரம் போகாத புதுப்பூண்டை நம் கடலோரக் காற்றில் தொங்கவிட்டால் பத்து நாளில் பூஞ்சை. விரலால் அழுத்தும்போது தோல் சரசரவென்று சத்தம் போட வேண்டும், அதுதான் கணக்கு.

மன்னவனூர் ஏரி சுமாராகத்தான் நடை. நுழைவுக் கட்டணம் பேக்கேஜில் அடக்கம், பரிசல் தனிக்காசு. புல்வெளிச் சரிவில் இறங்கி ஏரிக்கரைக்குப் போய் வருவது யாருக்கும் சிரமம் இல்லை, வயதானவர்களும் நடக்கலாம். பக்கத்தில் மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. குழந்தைகள் வந்தால் ஏரியை மறந்து அங்கேயே நின்றுவிடும். காற்று அடித்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அதற்காக ஏற்பாட்டாளரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

கூக்கல்தான் இந்தப் பேக்கேஜின் உயிர். கூட்டம் குறைவு. ஏரியின் ஒரு பக்கம் சோலைக்காடு தண்ணீர்வரை இறங்கி நிற்கும், மறுபக்கம் ஊரும் வயலும். கரையோரம் கோரைப்புல், அதில் கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கி, சுற்றிலும் இருந்து தண்ணீர் கசிந்து வந்து ஷூவின் தையலைத் தேடும். புல் பச்சையாக, குட்டையாக இருக்கும் மேட்டில் நடந்தால் கால் நிற்கும். உயரமான கோரை, கறுத்த சேறு தெரியும் இடத்தில் கணுக்கால் வரை போகும், சமயத்தில் ஷூவை விட்டுவிட்டுக் கால் மட்டும் வரும். தண்ணீரில் இறங்கவே கூடாது. ஊசுட்டேரி, பாகூர் ஏரி மாதிரி சரிவாகப் போகிற அடி இங்கே கிடையாது. அடியில் பலவருஷ மக்கல். 3 மணிக்கு வந்து 3.40-க்குக் கிளம்பச் சொல்வது பாவம். நவம்பரில் 6 மணிக்கே சூரியன் மறைவதாலும், 40 கிலோமீட்டர் மஞ்சில் திரும்ப வேண்டியிருப்பதாலும் டிரைவர் அவசரப்படுவது நியாயம். காலையில் 8-க்குக் கிளம்பியிருந்தால் இங்கே இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கும்.

பேரிஜம் ஏரியைச் சில விளம்பரங்களில் 'உறுதி' என்று போடுகிறார்கள். யாரும் உறுதி தர முடியாது. வனத்துறை நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று அளவு வைத்து அனுமதி கொடுக்கிறது. யானைக்கூட்டம் இறங்கிவிட்டால் அன்றைக்குக் கதவு மூடல். பெரியகுளத்துக்குக் குடிநீர் போகும் ஏரி என்பதால் குளியலும் கிடையாது, படகும் கிடையாது. கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேக்கேஜில் அதை 'அனுமதி கிடைத்தால்' என்று நேர்மையாகவே போட்டிருக்கிறார்கள், ஒரு மதிப்பெண்.

ஞாயிறு: வட்டக்கானல் வழியாக டால்பின் நோஸ். நடைக்கு வந்தவர்கள் உண்மையில் இதற்காகத்தான் பணம் கட்டுகிறார்கள், இதில்தான் மிக மோசமாகத் தோற்கிறார்கள். லாட்ஜ் சமையல்கட்டு 8.30-க்குத்தான் டிபன் போடும். சாப்பிட்டுக் கிளம்பினால் வட்டக்கானல் சாலையில் ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கூட்டம். சாலை குறுகல், எதிரே ஒரு வேன் வந்தால் இரண்டு பக்கமும் பின்னோக்கி எடுக்க வேண்டும். இறங்கி நடந்து பாறைக்கு வரும்போது மணி 11. எதிரே கொடைக்கானலின் தெற்குச் செங்குத்தும் பெரியகுளம் சமவெளியும் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சுச் சுவர். பாறைமேல் படம் எடுக்க இருபது பேர் வரிசை.

செய்ய வேண்டியது இது. ராத்திரியே ஆளுக்கு நாலு இட்லியோ பிரட்டோ கட்டி வாங்கிவையுங்கள். 5.45-க்கு வண்டி. சூரியோதயம் 6.15 சுமாருக்கு, வட்டக்கானலில் இறங்கும்போது வெளிச்சம் இருக்கும், டார்ச் தேவையில்லை. 7.15-க்குப் பாறை. 8.30-க்குத் திரும்பி மேலே. பாதையோரக் கடைகளில் அந்த நேரத்துக்கு லெமன் டீயும் பிரட் ஆம்லெட்டும் போட ஆரம்பித்திருப்பார்கள். 9.30-க்கு லாட்ஜில் சூடாகப் பொங்கல். எல்லாம் அதே செலவு. இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் மாற்றித் தருகிறார்கள், யாரும் கேட்பதில்லை.

பாதை பற்றி. தூரம் ஒரு பக்கம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். நம் மாதிரி மேடே பார்க்காத கடலோரத்து ஆட்களுக்கு இது பொறி. இறங்கும்போது யாருக்கும் மூச்சு வாங்காது, பேசிக்கொண்டே ஓடிவிடுவார்கள். முன்தொடைச் சதையும் முழங்காலும் அந்த இறக்கத்தில்தான் அடி வாங்கும். மேலே ஏறும்போது கால் நடுங்கும், மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது. மரவேர்களே படிகளாக இருக்கின்றன. வருகிறவர் போகிறவர் மிதித்து மிதித்து, பழைய வீட்டு மாடிக் கைப்பிடி மாதிரி வழவழவென்று தேய்ந்த வேர்கள். காய்ந்திருந்தால் நல்ல படி; நனைந்திருந்தால் சோப்பு. வேரின்மேல் மிதிக்காமல், வேருக்குப் பின்னால் தேங்கிய மண்ணில் குதிகால் பதித்து, பக்கவாட்டில் திரும்பி இறங்க வேண்டும். வழிகாட்டி இதை ஒரு தடவை செய்து காட்டுகிறார், நல்ல மனிதர்.

போவதற்கு இரண்டு வாரம் முன்னால் செஞ்சி ராஜகிரிக்கோட்டையை ஒரு தடவை ஏறி இறங்கிவிடுங்கள். புதுச்சேரியிலிருந்து அரைநாள் வேலை. ஏறுவது பெரிதில்லை, நிற்காமல் இறங்கிப் பாருங்கள், முழங்கால் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். கடற்கரைச் சாலையில் தினம் 5 கிலோமீட்டர் நடப்பது இதற்குப் பயிற்சி ஆகாது.

பாறை, பெயருக்கேற்றபடி வெறும் மூக்கு. குறுகல், சரிவு, ஒரு பக்கம் தரை என்பதே இல்லை. மழைநாளில் பாறைமேல் பச்சையும் சாம்பலுமாகப் படர்ந்திருப்பது வழுக்கும். ஒரு நேரத்துக்கு ஒருவர், உட்கார்ந்தபடி, நுனியிலிருந்து இரண்டு ஆள் நீளம் தள்ளி என்று வழிகாட்டி சொல்வதைக் கேட்க வேண்டும். போன் நீட்டிக்கொண்டு பின்னால் நகர்கிறவர்களை அவர் கையைப் பிடித்து இழுக்கிறார், அதில் தயவுதாட்சண்யம் பார்ப்பதில்லை. இந்தச் சேவையில் முழு மதிப்பெண் அவருக்குத்தான். இரண்டு வழிகாட்டிகள், ஒருவர் முன்னால், ஒருவர் எல்லோருக்கும் கடைசியாக. கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்னால் நிற்கக்கூடாது என்பது விதி.

அனுமதி விஷயம் விளையாட்டில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தபிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. இந்தப் பேக்கேஜின் பாதை முழுக்கப் பொது மக்கள் போகும் பாதை. அதைத் தாண்டி 'வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை இறக்கிவிடுகிறேன்' என்று யாராவது ஆயிரம் ரூபாய் கூடுதல் கேட்டால், வனத்துறை அனுமதிச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அரசே 2024-ல் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இணையத்தில் முன்பதிவுக்கு இருக்கின்றன, உள்ளூர் வழிகாட்டியோடு. காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் அதுதான் நேர்வழி.

இனி உடைமை. பேக்கேஜில் தரும் மழைக்கோட்டு மெல்லிய பிளாஸ்டிக். முதல் முள்ளில் அக்குள் கிழியும். சொந்தமாகத் தொடைவரை வரும் கோட்டு கொண்டுபோங்கள். குடை ஊருக்குள் சரி, மலைமுகட்டில் காற்று அதை வாளி ஆக்கிவிடும். முதுகுப்பையோடு வரும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள்: முதுகுக்கும் பைக்கும் நடுவே ஓடும் தண்ணீர் உறைக்குள்ளேதான் இறங்கி அடியில் தேங்கும். மாற்று உடுப்பையும் போனையும் தனியாக நீர்புகாத உறையில் போட்டுப் பைக்குள் வையுங்கள். இரவில் 10 டிகிரியை ஒட்டி வரும். ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லியது மேல், நடக்கும்போது ஒன்றைக் கழற்றலாம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனத்துப்போகும், மறுநாளும் காயாது.

ஷூ பற்றிக் கட்டாயம் ஒரு வார்த்தை. இந்த மாதிரிப் பயணங்களில் ஒவ்வொரு தடவையும் ஒருவருக்காவது சோல் கழன்று வாய் பிளக்கும். மழைமேல் பழிபோடுவார்கள், காரணம் அலமாரி. பல ஷூக்களின் நடுச்சோல் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றின் ஈரத்தில் அது மெல்ல மெல்லச் சிதையும். நம் கடலோர வீட்டில் நாலைந்து வருஷம் பெட்டியில் தூங்கிய ஷூ வெளியே புதுசு, உள்ளே ரவை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் எடுத்து, கட்டைவிரலால் சோலின் பக்கத்தை அழுத்துங்கள். வெடிப்பு விட்டாலோ, பொடி உதிர்ந்தாலோ அது குப்பைக்கு. பசை போட்டு ஒட்டுவதில் பிரயோஜனம் இல்லை. பசை பிடிக்க நுரையே அங்கே இருக்காது. வழியில் பிளந்துவிட்டால் ஷூவோடு சேர்த்துச் சணல் கயிற்றை விரல் பக்கம் ஒன்று, நடுவளைவில் ஒன்று என்று இரண்டு இடத்தில் சுற்றிக் கட்டினால் மேலே ஏறிவர ஓடும்.

அட்டை இந்த மாதங்களில் உண்டு, குறிப்பாகக் கூக்கலின் சோலைப் பக்கம். உப்பைச் சின்னத் துணிமுடிச்சில் கட்டி, நனைத்து, ஷூவிலும் சாக்ஸிலும் தேய்த்துவிடுங்கள். மழையில் கரைந்துவிடுவதால் ஒரு மணிக்கொருதரம் மறுபடி. ஒட்டிக்கொண்டால் பிய்க்க வேண்டாம். மெல்லிய முனைதான் வாய். அதன் அடியில் நகத்தைச் செருகிப் பக்கவாட்டில் வழித்தால் விட்டுவிடும். ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளை விட்டுச் செல்வதால் கடிவாய் வெகுநேரம் கசியும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆபத்தில்லை. சோப்புப்போட்டுக் கழுவி ஒரு பிளாஸ்திரி.

சாப்பாடு சுமார். மத்தியானப் பொட்டலத்தில் தயிர்சாதம் தருகிறார்கள். 15 டிகிரித் தூறலில் அதைத் திறந்து பார்க்கவே மனசு வராது. புளிசாதமும் அவித்த முட்டையும் கேட்டு வாங்கலாம். பையில் வறுத்த பண்ருட்டி முந்திரி கால்கிலோவும் கடலைமிட்டாயும் இருந்தால் இரண்டு நாளும் கவலையில்லை. லாட்ஜ் சோறு விறைப்பாக இருந்தால் சமையல்காரரைத் திட்டாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த அண்டாவில் அரிசி வேக நேரம் பிடிக்கும். கழிப்பறை, லாட்ஜை விட்டால் நுழைவுக் கட்டணம் வாங்கும் இடங்களில்தான். கூக்கல் பக்கம் எதிர்பார்க்க வேண்டாம். இதைப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

கடைசியாக, பணம் திரும்புமா என்பது. இந்தப் பேக்கேஜில் 'வானிலையால் ரத்தானால் 50 சதவீதம், அதுவும் கலெக்டர் சாலையை மூடினால் மட்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். கொடைக்கானலில் வருஷத்திலேயே அதிகம் பெய்யும் மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். நம் கரையில் ஏறும் புயல் அத்தோடு முடிவதில்லை, மேற்கே நகர்ந்து மலையில் முட்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி இங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது; அடுத்தடுத்த நாட்களில் ஊத்தங்கரை மூழ்கியது, திருவண்ணாமலையில் மண் சரிந்தது, ஏற்காடு மலைப்பாதை துண்டானது. ஆகவே கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும்போது 'மலையில் மழை இல்லையாம்' என்று சொல்லி வண்டியை எடுப்பவரோடு போக வேண்டாம். புதன்கிழமை வானிலை அறிக்கையில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற சொல் வந்தாலே தேதியை மாற்றித் தருவேன் என்று எழுத்தில் தருபவரிடம் 500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். இரண்டு தாழ்வுக்கு நடுவே வெளுக்கும் மூன்று நாலு நாள்தான் இந்தப் பயணத்துக்கு உகந்தது. காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும், ஏரியும் நிரம்பியிருக்கும்.

5,800 அதிகமா? வண்டி, டிரைவர், அறை, வழிகாட்டி என்று பிரித்துப் பார்த்தால் ஏற்பாட்டாளருக்குக் கொள்ளை லாபம் ஒன்றும் இல்லை. நாலு பேர் சேர்ந்து தாங்களே போவதாக இருந்தால், விழுப்புரத்தில் நள்ளிரவுவாக்கில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்துக் கொடைரோட்டில் விடியற்காலை இறங்கி, அங்கிருந்து வாடகைக் கார். முதுகு நீட்டித் தூங்கலாம், ஒற்றை டிரைவர் பயமும் இல்லை, ஞாயிறு காலை 5.45 மணி யாருடைய தயவிலும் இல்லை. ஆனால் உள்ளூர் வழிகாட்டியைத் தனியாகப் பிடிக்க வேண்டும், பெர்த் சீட்டு முன்னாடியே போட வேண்டும். தனியாளாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்கு வேன்தான் கட்டுபடி.

ஞாயிறு 2 மணிக்குக் கொடைக்கானலை விட்டால் மஞ்சக்குப்பத்தில் இரவு 11.30, புதுச்சேரியில் 12.30. விளம்பரத்தில் 10 மணி என்று போட்டிருப்பார்கள். திங்கள்கிழமை காலை ஷிப்ட் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள், மூன்று மணிக்கொரு தடவை தாளை மாற்றுங்கள். வெயிலில் வைத்தால் பசை விடும். பெட்டிக்குள் ஈரத்தோடு வைத்தால் அடுத்த ஐப்பசிக்குச் சணல் கயிறு தேடவேண்டி வரும்.